படத்துக்கு இன்னாய்யா வெயிட்டு?

மூடியைக் கழற்றாமலேயே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார் டில்லிபாபு. மதியச் சோறு ஆனதிலிருந்து இதே வேலை. கேமரா வலது காதோரம் இருந்தது, கண்கள் மூடியிருந்தன. உள்ளே கண்ணாடி ஏறி இறங்கும் சத்தம் 'டடக் டடக் டடக்' என்று விடாமல் வர, கச்சேரி கேட்பவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"யோவ், மூடிய எடுத்துட்டு அமுக்குய்யா. குருட்டுக் கேமராவ வெச்சிக்கினு இன்னா பண்றே?" அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார் அவர் மனைவி ராஜம்மா.

"சும்மா கெட. ஸ்பீடு பாக்குறேன். ஸ்பீடு காதுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது."

"அப்போ படத்தையும் காதாலயே எடுத்துக்க."

டில்லிபாபு மறுபடி பொத்தானை அழுத்தினார். பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. வாயைத் திறந்தால் சத்தம் தப்பிவிடும்.

மேனாம்பேட்டில் அவரைத் தெரியாதவர்கள் என்றால், அடுக்குமாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஐ.டி. பிள்ளைகள்தான். மற்றவர்கள் வீட்டுச் சுவரில் எல்லாம் அவர் எடுத்த படம் ஒன்றாவது தொங்கும். வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. கேட்டால், "எனக்கு எவ்ளோன்னு தெரியாது, மீசைக்கு நாப்பது" என்பார். சாயம் மீசைக்கு மட்டும்தான், தலைக்குக் கிடையாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். "அதுக்கு மேல எனக்குச் சொல்லிக்குடுக்க வாத்தியார் கையில சரக்கு இல்ல" என்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகரம் வெட்டும் பவர் பிரஸ்ஸில் நின்று, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு கேமரா வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் காதுகுத்து, சீமந்தம், மஞ்சள் நீராட்டு என்று ஓடி, சொந்த வீடு கட்டி, இரண்டு பெண்களைக் கரையேற்றியவர். ஒரு பேங்கு மேனேஜரின் கையெழுத்தும் அந்த வீட்டுச் செங்கல்லில் இல்லை. இப்படி எழுந்து நின்ற மனிதனுக்குப் பேச்சு கொஞ்சம் கூடத்தான் இருக்கும். இருந்தால் என்ன? உழைத்துச் சாப்பிட்ட வாய் பேசட்டும்.

பிரஸ்ஸில் நின்ற காலத்தில் அடிக்கிற அடியின் சத்தத்தைக் கேட்டே அச்சு மழுங்கிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அந்தக் காதைத்தான் கேமராவுக்கும் வைத்திருக்கிறார். கேமராவோடு வரும் விளக்கப் புத்தகத்தை அவர் பிரிப்பதே இல்லை. "அத்தப் படிச்சிட்டு எடுக்கணும்னா எழுதுனவனே வந்து எடுக்கட்டும்" என்பார். படம் எடுத்த கையோடு பின்பக்கத் திரையைப் பார்க்கிற பழக்கமும் இல்லை. அப்படிப் பார்ப்பவனைக் கண்டால், "இன்னாடா, கரண்டிய நக்கிக்கினே சமைக்கிறே?" என்று கேட்டு அவன் முகத்தைச் சுருங்க வைப்பார்.

மூடி விஷயத்துக்கு வேறு ஒரு காரணம் உண்டு. அவருடைய முதல் கேமராவில் முதலில் விழுந்தது ஒரு சாவு வீட்டுப் படம். செத்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள் பிடித்துக்கொண்ட படம். அடுத்த மாதமே அந்தக் கேமரா மின்சார ரயிலில் தொலைந்துபோனது. அன்றைக்குப் போட்டுக்கொண்ட சட்டம் இது. எந்தக் கேமரா கைக்கு வந்தாலும் அது முதலில் பார்க்கிற முகம் தெருக்கோடி அம்மன் முகமாக இருக்க வேண்டும். அதுவும் சாமிக்குச் சூடம் காட்டும்போது. அதுவரைக்கும் மூடியைக் கழற்றக் கூடாது. சோதனை எல்லாம் மூடியோடுதான்.

இந்தத் தடவை சோதனை ரொம்ப முக்கியம். போன வருஷத்து ஆடித் தீமிதியில் அவர் பெயர் கெட்டுப்போயிருந்தது. பழைய கேமரா பொத்தானை அழுத்தி ஒரு மூச்சு விட்ட பிறகுதான் வேலை செய்தது. நெருப்பில் நடக்கிறவர்கள் ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார்களா? படங்களைப் பிரிண்ட் போட்டு வந்து பார்த்தால், பாதிப் பேர் குழிக்கு அந்தப் பக்கம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கோயில் கமிட்டித் தலைவர் பால்ராஜ் ஊர் நடுவில் வைத்துச் சொல்லிவிட்டார்: "டில்லி, இன்னொரு வாட்டி பாப்பேன். அதுவும் ஊத்திக்கிச்சுன்னா அடுத்த வருசம் ஸ்டுடியோ பசங்களுக்குத்தான். வருத்தப்படக் கூடாது."

வருஷா வருஷம் தீமிதியை எடுப்பவர் என்பதால்தான் ஊரில் மற்ற விசேஷங்களுக்கும் அவரைக் கூப்பிடுகிறார்கள். இது கையை விட்டுப் போனால் மற்றதும் பின்னாலேயே போய்விடும். அது பால்ராஜுக்கும் தெரியும், டில்லிபாபுவுக்கும் தெரியும்.

அதற்காகத்தான் இந்தக் கேமரா. அம்பத்தூரில் பழைய கேமரா வாங்கி விற்கும் அப்துல் ரசாக்கிடமிருந்து வந்தது. "வேகம், பாட்ரி, சிப்பு, மூணையும் பாத்துட்டு சொல்லு நைனா. புடிக்கலன்னா திருப்பிக் குடு" என்று கொடுத்தனுப்பியிருந்தார். சிப்பு என்றால் படங்கள் போய்ச் சேரும் சின்ன அட்டை.

வேகத்தில் குறை ஒன்றும் இல்லை. முதலில் மட்டும் கேமரா முரண்டு பிடித்தது. மூடி போட்ட லென்ஸ் எதையோ தேடி முன்னும் பின்னும் திருகிப் பார்த்துவிட்டு, அமுக்க மாட்டேன் என்று நின்றது. டில்லிபாபு லென்ஸ் ஓரத்து விசையைக் கையால் திருப்பும் பக்கத்துக்குத் தள்ளி, வேகத்தையும் தானே வைத்தார். அடங்கிவிட்டது. பிளாஷைத் தூக்கவில்லை. இருட்டுக்கு எதற்கு வெளிச்சம்? அப்புறம் விரலை எடுக்காமல் அழுத்தினார். 'டடக் டடக்' என்று ஒரே தாளம், எங்கும் தடுக்கவில்லை.

பாட்டரி அதைவிட அதிசயம். நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து, மறுபடியும் அழுத்தினார். மேலே இருக்கிற குட்டிக் கண்ணாடியில் பாட்டரிக்கான மூன்று கோடும் அப்படியே நின்றன.

சிப்பில்தான் அவருக்குத் தலை சுற்றியது. இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்பது அதே குட்டிக் கண்ணாடியில் எண்ணாகத் தெரியும். அறுநூற்றுச் சொச்சத்தில் ஆரம்பித்தது. சாயங்காலம் வரை அழுத்தியும் அந்த எண் நகர்ந்ததா என்றே தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். ராஜம்மாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அவரும் அதையேதான் படித்தார்.

"இன்னாடி இது, எடுக்க எடுக்கக் கொறையவே மாட்டேங்குது?"

"கெட்டுப்போயிருக்கும்."

"கெட்டுப்போனா கொறையும். இது கொறையாம கீது. நல்ல ஐட்டம்டி."

மறுநாள் ரசாக் கடைக்குப் போனபோது நெஞ்சு ஒரு சுற்று பெருத்திருந்தது. ரசாக் ஒரு பெரிய சிப்பையும் இன்னொரு பாட்டரியையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். "இத்தையும் கையோட வெச்சிக்க நைனா. தீமிதின்னா சும்மா இல்ல. காசு மொத்தமா பிறகு பாத்துக்கலாம்."

"இன்னாத்துக்கு பாய்? நீ குடுத்த சிப்பு அட்சய பாத்திரம் கணக்கா கீது. பாட்ரி எறங்கவே மாட்டேங்குது. நான் டெஸ்ட் பண்ணிட்டேன். டில்லிபாபு டெஸ்ட் பண்ணா பண்ணதுதான்." மேஜைமேல் இருந்ததை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார்.

எப்படிச் சோதித்தார் என்று ரசாக் கேட்கவில்லை. தொழில் தெரிந்த பெரிய மனிதரிடம் போய் அதைக் கேட்பானேன்?

ஆடி ஞாயிறு. வெயில் சாயும் நேரத்தில் கோயில் வாசல் நிரம்பிவிட்டது. பை பையாகத் தைத்த காக்கிச் சட்டையில் வந்து நின்ற டில்லிபாபு, சூடம் ஏற்றியதும் மூடியைக் கழற்றி அம்மன் முகத்தை முதலில் எடுத்தார். அடுத்து பால்ராஜ் வந்தார். கழுத்தில் ஆள் உயர ரோஜா மாலை, நடுநடுவே ஜரிகை, தொங்கலில் சம்பங்கி. தனியாக ஒன்று, பூசாரியோடு ஒன்று, கமிட்டியோடு ஒன்று. "இந்தாண்ட திரும்பி ஒண்ணு எடு டில்லி." "சிரிச்ச மாரி ஒண்ணு." "சிரிக்காத மாரியும் ஒண்ணு இருக்கட்டும்." வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாய்ப்பு கொடுத்த தலைவர். கொள்ளைக்கு எடுத்தார்.

மஞ்சள் புடவையும் கையில் வேப்பிலையுமாக நின்றிருந்த எழிலரசி அவரைச் சைகை காட்டிக் கூப்பிட்டாள். பக்கத்துத் தெருப் பெண். எஸ்டேட் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை.

"மாமா, இந்த வாட்டி என்னைக் கோட்ட வுட்டுறாதே. போன வருசம் நான் தீ மெரிச்சதுக்கு சாட்சியே இல்ல."

"ஊரே பாத்துச்சே."

"ஊரு பாத்து இன்னா? எங்க மாமியார் பாக்கல. கூட்டத்துக்குப் பின்னாடி நின்னுக்கினு இருந்துச்சு. நீ குடுத்த படத்துல நான் அந்தாண்ட நின்னு சொம்புத் தண்ணி குடிக்கிறேன். 'சுத்திக்கினு போய் நின்னுட்டு மெரிச்சேன்னு சொல்றா'ன்னு ஒரு வருசமா சொல்லிக்கினு கீது மாமா. அது புள்ளைக்கு ஒடம்பு தேறணும்னு நான் வேண்டிக்கினு மெரிச்சது. எனக்கு எப்டி இருக்கும்?"

குழியின் மறுமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வேம்புலியம்மாளைக் கண்ணால் காட்டினாள். மாமியார் இந்த வருஷமும் இடம் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். முன்னால் பார்வையை மறைக்கும் பந்தல் கம்பம்.

"கவலப்படாதே. நீ கால வெக்கிறது, தூக்குறது, மறுபடி வெக்கிறது எல்லாம் வரும். புதுக் கேமரா. ஸ்பீடு பாத்துட்டுதான் வந்துகீறேன்" என்றார் டில்லிபாபு.

பம்பை முழங்கியது. பூங்கரகம் முதலில் இறங்கியது, பின்னாலேயே ஆண்கள். டில்லிபாபு பிளாஷைத் தூக்கிவிட்டு விரலை அழுத்தினார். 'டடக் டடக் டடக்.' அப்புறம் சத்தம் நின்றது. விரல் அழுத்தியபடியேதான் இருந்தது. கேமரா பேசவில்லை. ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் மினுக்கியது. ஒருவன் நெருப்பைக் கடந்து முடித்த பிறகு, தூங்கி எழுந்த மாதிரி 'டக்' என்றது.

"தே, இன்னா ஆச்சு உனக்கு?" என்று கேமராவைக் கேட்டார். நேற்றுவரை ஒரு தடுக்கல் இல்லையே. தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். மறுபடி மூன்று நான்கு அடித்துவிட்டு மறுபடி முழித்தது. ஒரே அழுத்தாக அழுத்தாமல் விட்டு விட்டு அழுத்தினால் ஓரளவுக்கு ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்து, எப்படியோ ஆண்களை முடித்தார். பெண்களுக்கு முன்னால் குழியைக் கிளறித் தணலைச் சமன் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த இடைவெளியில்தான் குட்டிக் கண்ணாடியைப் பார்த்தார். எண் இருந்த இடத்தில் பூஜ்யம். மூன்று கோடு இருந்த இடத்தில் ஒரே ஒரு கோடு, அதுவும் கண் சிமிட்டியது.

டில்லிபாபுவுக்குக் காது அடைத்தது. குறையாத சிப்பு எப்படிக் குறைந்தது? இறங்காத பாட்டரி எங்கே இறங்கியது? யாராவது கண் வைத்துவிட்டார்களா? அம்மன் முகத்தைத்தானே முதலில் காட்டினோம்? ஒதுக்குப்புறமாகப் போய் ரசாக்குக்குப் போன் போட்டார்.

"நைனா, பம்பைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சிப்பு ரொம்பிட்ச்சா? நீதான டெஸ்ட் பண்ணேன்னே?"

"பண்ணேன் பாய். மத்தியானத்துலேர்ந்து அமுக்குனேன். கொறையவே இல்ல."

"எத்த எடுத்தே?"

"எத்தயும் எடுக்கல. மூடி போட்டுதான் டெஸ்ட் பண்ணேன்."

"யோவ் நைனா, மூடி போட்டு எடுத்தா வெறும் இருட்டுய்யா. அதுக்கு வெயிட்டே கெடயாது. காலிக் கோணி மாரி. மடிச்சு மடிச்சு நூறு வெக்கலாம். கூட்டம், பொக, பூவு, ஜரிகை எல்லாம் வந்தா அது மூட்ட. எடத்த அடைக்கும், உள்ள ஏத்தவும் நேரம் புடிக்கும். அதான் நின்னு நின்னு அடிக்குது. உன் பாட்ரிய பிளாஷ் குடிச்சிட்டு இருக்கும்."

"படத்துக்கு இன்னாய்யா வெயிட்டு? ஒரு படம்னா ஒரு படம்தானே? ரோலு போட்டு எடுத்த காலத்துல கல்யாணத்துக்கும் ஒரு கட்டம்தான், காக்காவுக்கும் ஒரு கட்டம்தான்."

"இது ரோலு இல்ல நைனா. சிப்ப எட்த்துக்கினு நான் இப்ப கெளம்புனாக்கூட கூட்டத்துல உள்ள வர முடியாது. வேணாத படத்த அழி. எடம் கெடைக்கும். பாட்ரிய வெளிய எடுத்துக் கையில தேய்ச்சுட்டுப் போடு. கொஞ்சம் தாங்கும்."

வேண்டாத படம் என்றால் அந்தக் கறுப்புப் படங்கள்தான். அழிக்கிற பழக்கம் இல்லாததால் எல்லாம் அப்படியே உள்ளே கிடந்தன. டில்லிபாபு பாட்டரியைக் கழற்றி இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார், போட்டார். வாழ்க்கையில் முதல்தடவையாக ஊர் பார்க்கப் பின்பக்கத் திரையை ஏற்றி, முதல் படத்துக்குப் போனார். கறுப்பு. குப்பைத்தொட்டி போட்ட பொத்தானை அழுத்தினார். அடுத்ததும் கறுப்பு. அழுத்தினார். கட்டைவிரல் நோகிற அளவுக்கு அழுத்தினார். ஒரு கூடை இருட்டைக் கொட்டிய பிறகு எண்ணைப் பார்த்தார். அப்போதும் பூஜ்யம்தான்.

"அழிச்சாலும் ஏற மாட்டேங்குதே! அப்போ எத்தடா நான் அழிச்சேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். இவ்வளவு குழப்பம் பவர் பிரஸ்ஸில் ஒரு நாளும் வந்ததில்லை. அங்கே தகரம் எடுத்தால் தகரம் குறையும்.

குழியைக் கிளறி முடித்துவிட்டார்கள். பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். முதல் ஆள் எழிலரசி. அவள் கண் நெருப்பில் இல்லை, இவர்மேல் இருந்தது. டில்லிபாபு சக்கரத்தை வேகமாகத் திருகினார். மிச்சமிருந்த கறுப்பைத் தாண்டி அம்மன் முகம் வந்தது. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தாண்டினார். அடுத்தது மாலையோடு பால்ராஜ். அதற்கடுத்ததும் மாலையோடு பால்ராஜ்.

ஒரு நொடி யோசித்தார். அப்புறம் சிரிக்காத மாதிரி நின்ற பால்ராஜுக்கும் குப்பைத்தொட்டியை அழுத்தினார்.

பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று வந்தது. ஒரு கூடை இருட்டுக்கு அசையாத எண், ஒரு மாலைக்கு அசைந்தது. டில்லிபாபுவின் வாய் திறந்தபடி நின்றது.

"இன்னா டில்லி, குனிஞ்சிக்கினே கீறே? எதுனா கோளாறா?"

தோளுக்குப் பின்னால் பால்ராஜ் நின்றிருந்தார், அதே மாலையோடு. டில்லிபாபு கேமராவை நெஞ்சோடு சாய்த்துத் திரையைச் சட்டைக்குள் மறைத்தார். கட்டைவிரலுக்குப் பொத்தான் இருக்கும் இடம் இப்போது பழகிவிட்டிருந்தது.

"கோளாறா? என் கேமராவுலயா? செட்டிங் தலைவரே, செட்டிங்."

"நம்ம மால படம்லாம் எப்டி வந்துக்கீது? ஒண்ணு பெரிசா போட்டு ஆபீசுல மாட்டணும்."

"சினிமா ஆக்டர் மாரி கீறே தலைவரே." கட்டைவிரல் அழுத்தியது.

"பூசாரியோட நின்னதும் நல்லா கீதா?"

"அதான் எல்லாத்துலயும் டாப்பு." கட்டைவிரல் மறுபடியும் அழுத்தியது.

"சிரிச்ச மாரி ஒண்ணு எடுத்தியே?"

"கண்ணுலயே நிக்குது தலைவரே."

பம்பை உச்சத்துக்குப் போனது. எழிலரசி புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள். கம்பத்துக்குப் பின்னாலிருந்து வேம்புலியம்மாள் கழுத்தை நீட்டினார். குழிக்கு நேர் எதிராக நின்றால்தான் கால் தெரியும். அந்த இடத்தில் பால்ராஜ் நின்றிருந்தார். டில்லிபாபு நெஞ்சோடு இருந்த கேமராவில் இன்னும் ஒரு முறை கட்டைவிரலை அழுத்திவிட்டு, முழங்கையால் கமிட்டித் தலைவரை மாலையோடு சேர்த்து ஓரமாகத் தள்ளி, அவர் நின்ற இடத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து கேமராவைக் கண்ணில் வைத்தார்.